மருந்து ஒத்துக்கொள்ளாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் வகுப்பிலும், நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்துச்சீட்டைச் சரிபார்க்கும்போதும், ஒரே ஐயங்கள் வெவ்வேறு வாய்களிலிருந்து வருவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். மாணவர்கள் மருந்துகளின் பாதக விளைவுகளின் வகைகளை மனப்பாடம் செய்துவிட்டு நோயாளியின் முன் தடுமாறுகிறார்கள். நோயாளியின் வீட்டாரோ, வகைகளைப் பற்றி எதுவும் அறியாமலேயே, வகைப்படுத்தலின் உயிர்நாடியான கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்: "இந்த மருந்தை இவருக்கு இனிமேல் கொடுக்கலாமா, கூடாதா?" கீழுள்ள விடைகளை அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவற்றை நோக்கிச் செல்கின்றன.

1. பக்கவிளைவு, அலர்ஜி, ரியாக்‌ஷன் என்று ஆளுக்கொரு சொல் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நோயைத் தடுக்கவோ கண்டறியவோ குணப்படுத்தவோ வழக்கமாகக் கொடுக்கும் அளவில் ஒரு மருந்தைக் கொடுக்கும்போது ஏற்படும், தீங்கான, எண்ணியிராத விளைவையே பாதக விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 1972இல் வரையறுத்தது. அளவுக்கு மீறி விழுங்கியதால் வரும் நச்சுப் பாதிப்பு இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. பக்கவிளைவு என்பது இதைவிடத் தளர்வான சொல்; அது எப்போதும் கெடுதலாகவே இருக்க வேண்டியதில்லை. அரிப்புக்குக் கொடுக்கும் பழைய ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை தரும் தூக்கம், வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து. இரவு முழுவதும் சொறிந்துகொண்டு விழித்திருப்பவருக்கு ஆறுதல். அலர்ஜி எனப்படும் ஒவ்வாமையோ, உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் மருந்துக்கு எதிராகக் கிளம்பும்போது மட்டும் பொருந்தும் சொல். பாதக விளைவுகளில் அது ஒரு சிறு பங்குதான்.

இன்னொரு வேறுபாட்டையும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்வது நல்லது. மருந்து எடுத்துக்கொள்ளும் காலத்தில் நேரும் எந்தக் கெடுதலும் 'பாதக நிகழ்வு'. அதற்கு மருந்து காரணமாக இருக்கலாம் என்று கருத இடமிருந்தால்தான் அது 'பாதக விளைவு'. மாத்திரை சாப்பிட்ட அன்று மாடிப்படியில் வழுக்கி விழுவது நிகழ்வு. அந்த மாத்திரை இரத்த அழுத்தத்தை இறக்கித் தலைசுற்ற வைத்ததால் விழுந்திருந்தால் அது விளைவு.

2. ஏ வகை, பி வகை என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

ராலின்ஸ், தாம்ப்ஸன் என்ற இரு பிரிட்டானிய மருந்தியலாளர்கள் 1977இல் முன்வைத்த பிரிவு இது. மருந்து எந்த வேலையைச் செய்யக் கொடுக்கப்பட்டதோ அதே வேலையையோ, அதன் அறியப்பட்ட வேறொரு வேலையையோ அளவுக்கு மிஞ்சிச் செய்தால் அது ஏ வகை. இன்சுலினால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோவது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினால் இரத்தம் கசிவது, இதயத்தின் வேலையைத் தணிக்கும் பீட்டா பிளாக்கரால் நாடித்துடிப்பு குறைவது ஆகியவை இதில் அடங்கும். மருந்தின் இயல்பை அறிந்த எவரும் இவற்றை முன்கூட்டியே எதிர்பார்க்க முடியும். மருந்தளவு கூடக்கூட இவையும் கூடும். எண்ணிக்கையில் இவைதான் மிகுதி. மருந்தின் வழக்கமான செயல்பாட்டை வைத்து ஊகிக்கவே முடியாதவை பி வகை. பென்சிலினால் வரும் அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான உடனடி ஒவ்வாமை) அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. இவை அரிது, ஆனால் வந்தால் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு ஏ வகையைவிட அதிகம்.

ஏ வகையானால் பெரும்பாலும் மருந்தளவைக் குறைத்துப் பயணத்தைத் தொடரலாம். பி வகையானால் மருந்தை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் அந்த மனிதருக்கு அந்த மருந்தின் கதவு மூடிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பிரிவைக் கற்றுக்கொள்ளலாம்.

3. பாடநூலில் சி, டி, இ, எஃப் என்றும் வருகிறதே, அவை எதற்கு?

இரண்டு பெட்டிகளில் அடங்காதவற்றுக்காகப் பின்னால் வந்தவர்கள் சேர்த்த பெட்டிகள் அவை. நெடுங்காலம் எடுத்துக்கொள்வதால் வருவது சி. நாட்பட்ட ஸ்டீராய்டால் அட்ரினல் சுரப்பி தன் சுரப்பை மறந்துவிடுவதைச் சொல்லலாம். காலம் கடந்து தலைகாட்டுவது டி. கருவுற்ற தாய்மார்களுக்குக் கொடுத்த டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோன், அவர்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே யோனிப் புற்றுநோயைக் கொண்டுவந்தது 1971இல்தான் தெரியவந்தது. மருந்தை நிறுத்தியதால் வருவது இ. மருந்து பலிக்காமல் போவது எஃப். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுடன் சேர்ந்தால் கருத்தடை மாத்திரை வலுவிழப்பது போல. எஃப் வகை இந்தப் பட்டியலில் வலிந்து திணிக்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றும். இ வகையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது கேள்வியில் அது தேவைப்படும்.

4. ஒரு விளைவு ஏ-வா பி-யா என்று இரண்டு பேராசிரியர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம், குறை இந்த எழுத்துகளால் பிரிக்கும் முறையில் இருக்கிறது. மலேரியாவுக்கான பிரிமாகுயின் மாத்திரையால் சிவப்பணுக்கள் சிதைவதைப் பாருங்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு மட்டுமே அது நேர்கிறது என்பதால் சிலர் அதை பி வகையில் சேர்ப்பார்கள். ஆனால் அதே மனிதருக்கு மருந்தளவு கூடினால் சிதைவும் கூடுகிறது, அதனால் ஏ வகை என்றும் வாதாடலாம். இந்த இழுபறியைத் தவிர்க்கவே அரன்சன், ஃபெர்னர் என்ற இருவர் 2003இல் மூன்று கேள்விகளைக் கொண்ட வேறொரு முறையை முன்வைத்தார்கள். எந்த அளவில் வந்தது? மருந்து தொடங்கி எவ்வளவு காலத்தில் வந்தது? இந்த மனிதரிடம் அதற்கு இடம்கொடுத்தது எது?

மூன்றாவது கேள்விதான் இன்று மிக வேகமாக வளர்ந்துவரும் பகுதி. வலிப்பு மருந்தான கார்பமாஸெபினால், தோல் உரிந்து புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்ஸன் நோய்க்குறி வந்த 44 தைவான் நோயாளிகளை ஆராய்ந்தபோது, 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி*15:02 என்ற மரபணு வடிவம் இருந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. எச்.ஐ.வி.க்கான அபாகாவிருக்கு எச்.எல்.ஏ-பி*57:01, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலுக்கு எச்.எல்.ஏ-பி*58:01 என இதே போன்ற தொடர்புகள் உண்டு. அபாகாவிர் தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைச் செய்வது இப்போது நிலையான நடைமுறை. ஊகிக்கவே முடியாதது என்று ஒரு காலத்தில் பி பெட்டியில் போடப்பட்டவை, காரணம் தெரிந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

5. ஊசி போட்ட உடனே உடம்பெல்லாம் சிவந்தால் அது அலர்ஜிதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வாமை எதிர்வினைகளை கெல், கூம்ஸ் இருவரும் 1963இல் நான்காகப் பிரித்தார்கள். முதல் வகை ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளால் நிமிடங்களில், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், தடிப்பாகவோ மூச்சுத்திணறலாகவோ வெளிப்படும். இரண்டாவதில் இரத்த அணுக்கள் தாக்கப்படுகின்றன. மூன்றாவதில் எதிர்ப்பொருளும் மருந்தும் பிணைந்து இரத்தக்குழாய்களில் படிகின்றன. நான்காவது, டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களால் நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து வருவது. மருந்தால் வரும் தோல் தடிப்புகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

இவற்றைப் போலவே வேடமிட்டு வரும் வேறொரு கூட்டமும் உண்டு. வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் மார்பும் சிவந்து அரிக்கும். இங்கே ஐஜிஇ எதிர்ப்பொருள் கிடையாது. மருந்தே மாஸ்ட் அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களை நேரடியாகத் தூண்டி, அரிப்பையும் சிவப்பையும் தரும் ஹிஸ்டமினைக் கொட்டச் செய்கிறது. ஊசியை நிறுத்தி, ஆன்டிஹிஸ்டமின் கொடுத்து, சிவப்பு தணிந்தபின் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள். 1 கிராம் மருந்தைக் குறைந்தது 60 நிமிடங்களில் ஏற்ற வேண்டும் என்ற விதி இதற்காகவே உள்ளது. இதை 'வான்கோமைசின் அலர்ஜி' என்று கோப்பில் எழுதிவிட்டால், பிறகொரு நாள் உயிர்காக்கக்கூடிய மருந்தொன்றை அவரிடமிருந்து காரணமின்றிப் பறித்துவிடுகிறோம்.

6. நான்கு மருந்து சாப்பிடுகிறார்; எந்த மருந்தால் தடிப்பு வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டின்மேல் நாட்களைக் குறியுங்கள். ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய நாளிலிருந்து நிறுத்திய நாள்வரை அதன் கீழே ஒரு பட்டை வரையுங்கள். தடிப்பு தோன்றிய நாளில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். ஒருமுறை, முந்தைய நாள் மாற்றிய இரத்த அழுத்த மாத்திரைமீது எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. கோடு போட்டதும், வலிப்புக்காகத் தொடங்கிய ஃபெனிட்டாயினின் பட்டை சிவப்புப் புள்ளிக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால் தொடங்கியிருந்தது கண்ணில் பட்டது. காய்ச்சலும் முகவீக்கமும் சேர்ந்திருந்த அந்தத் தடிப்புக்கு அதுவே பொருந்திய காலம். கடைசியாகத் தொடங்கிய மருந்தையே குற்றவாளியாக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

காலத்துக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியவை சில. இந்த மருந்துக்கு இப்படிச் செய்யும் பெயர் ஏற்கெனவே உண்டா? நிறுத்தியதும் தணிந்ததா? முன்பு எப்போதாவது இதே மருந்தால் இதே போல் வந்ததா? நோயே இதைச் செய்திருக்க முடியுமா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இதே கேள்விகளைப் பத்தாக ஒழுங்குபடுத்தி மதிப்பெண் தருவதுதான் 1981இல் வந்த நரஞ்சோ அளவுகோல். உலக சுகாதார நிறுவனத்தின் உப்சாலா மையம் பயன்படுத்தும் முறையில் மதிப்பெண் இல்லை. நிச்சயம், அனேகமாக, சாத்தியம், சாத்தியமில்லை என்பன போன்ற படிகள் உள்ளன.

7. நரஞ்சோவில் 6 வந்துவிட்டது. நிச்சயம் இந்த மருந்துதான் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. 9 அல்லது அதற்கு மேல் நிச்சயம். 5 முதல் 8 வரை அனேகமாக. 1 முதல் 4 வரை சாத்தியம். 0 அல்லது அதற்குக் கீழ் ஐயத்துக்குரியது. இரத்தத்தில் மருந்தின் அளவு, மருந்துப்பொருள் எதுவும் இல்லாத போலி மருந்து (பிளாசிபோ) கொடுத்துப் பார்த்தது, மீண்டும் கொடுத்துப் பார்த்தது ஆகியவற்றுக்கும் அதில் மதிப்பெண் இருப்பதாலும், நடைமுறையில் அவற்றை அரிதாகவே செய்வதாலும், 9ஐ எட்டுவது கடினம். 6 வந்தால் அதை வைத்துக்கொண்டே முடிவெடுக்கலாம்.

8. 'கடுமையான' விளைவும் 'தீவிரமான' விளைவும் வேறுவேறா?

மருந்துக் கண்காணிப்பில் வேறுவேறுதான். கடுமை என்பது வேதனையின் அளவு. தீவிரம் என்பது அதன் முடிவு: மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்த்தல் அல்லது தங்கும் காலம் நீளுதல், நிலையான ஊனம், பிறவிக்குறை, இவற்றைத் தடுக்கத் தலையிட வேண்டிய மருத்துவ நிலை ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது தீவிரமானது. நைட்ரேட் மாத்திரையால் மண்டை பிளக்கும் தலைவலி வருவது கடுமையானது, தீவிரமானதன்று. வலியோ அரிப்போ இல்லாமல் இரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியும் வெள்ளணு வீழ்ச்சி தீவிரமானது.

9. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'அரிதாக' என்று போட்டிருக்கிறது. எவ்வளவு அரிது?

அந்தச் சொற்களுக்கு வரையறுத்த பொருள் உண்டு. பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வந்தால் 'மிகச் சாதாரணம்'. நூற்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர்வரை 'சாதாரணம்'. ஆயிரத்தில் ஒருவர் முதல் நூற்றில் ஒருவர்வரை 'அவ்வளவு சாதாரணமல்ல'. பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவர்வரை 'அரிது'. அதற்கும் கீழே 'மிக அரிது'. 'சாதாரணம்' என்று போட்ட விளைவும் நூறு பேரில் 90க்கும் மேற்பட்டவர்களுக்கு வராமலே போகும் என்பதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

10. வயிற்றைப் புரட்டுகிறது, மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். சரிதானே?

மருந்தைப் பொறுத்து இது சரியாகவும் இருக்கலாம், ஆபத்தாகவும் முடியலாம். இரண்டாம் கேள்வியில் பார்த்த ஏ வகை விளைவுகளுக்கு, நிறுத்துவதற்கு முன் பல படிகள் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினின் வயிற்றுத் தொல்லை, உணவுடன் எடுத்து, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் தரும் குமட்டல் பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரங்களில் தானே போய்விடும். சிறுநீர் பெருக்கியைக் காலை வேளைக்கு மாற்றினால் இரவுத் தூக்கம் கெடாது. அளவைக் குறைப்பது, நேரத்தை மாற்றுவது, அதே வேலையைச் செய்யும் வேறு மருந்துக்குப் போவது, தாங்கக்கூடியதென்றால் பொறுத்திருப்பது என எல்லாமே சிகிச்சைதான்.

சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதுதான் பெரிய விபத்து. மூன்றாம் கேள்வியில் சொன்ன இ வகை இங்கே வருகிறது. பீட்டா பிளாக்கரைச் சட்டென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம். இரத்த அழுத்த மருந்தான குளோனிடினை நிறுத்தினால் இரத்த அழுத்தம் துள்ளி ஏறலாம். வலிப்பு மருந்தை நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வரலாம். பல வாரம் எடுத்த ஸ்டீராய்டை நிறுத்தினால் உடல் தளர்ந்து மயங்கி விழ நேரலாம். ஆகவே, அடுத்த கேள்வியில் வரும் அபாய அறிகுறிகள் எதுவும் இல்லாத வரையில், நிறுத்துவதற்கு முன் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிடுவதே நல்லது.

11. அப்படியானால் எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கவே கூடாது?

மூச்சுத்திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மயக்கம் ஆகியவை வெளிப்படையானவை. ஏமாற்றுபவை வேறு. தோல் அரிப்பதற்குப் பதிலாக வலித்தால், தொட்டால் உரிந்தால், தடிப்புடன் கண்ணிலோ வாயிலோ பிறப்புறுப்பிலோ புண் வந்தால், அது ஸ்டீவன்ஸ்-ஜான்ஸன் நோய்க்குறியின் தொடக்கமாக இருக்கலாம். உரியும் தோல் உடல் பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் வரை அதற்கு அந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ். மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரங்களில், காய்ச்சல், முகவீக்கம், நிணநீர்க்கணு வீக்கம், இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் உயர்வு ஆகியவற்றுடன் வரும் தடிப்பு டிரெஸ் நோய்க்குறியாக இருக்கலாம். அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

தைராய்டுக்கான கார்பிமசோல் அல்லது மனநோய்க்கான குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் அன்றே இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கண் மஞ்சளானாலும் அப்படியே உடனடிப் பரிசோதனை வேண்டும்: கல்லீரல் நொதி இயல்பின் மும்மடங்கையும் கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் இருமடங்கையும் தாண்டி, பித்தநாள அடைப்பு போன்ற வேறு காரணமும் இல்லையென்றால், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மரணமோ கல்லீரல் மாற்று அறுவையோ நேரும் என்பது ஹை விதி எனப்படும் அனுபவக் கணக்கு. இவை எல்லாவற்றிலும் முதல் சிகிச்சை, சந்தேகத்துக்குரிய மருந்தை அந்த நிமிடமே மருத்துவரின் பார்வையில் நிறுத்துவதுதான். எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு பிழைக்கும் வாய்ப்பு.

12. அனாஃபிலாக்சிஸ் வந்தால் முதலில் ஆன்டிஹிஸ்டமினா, ஸ்டீராய்டா?

இரண்டும் இல்லை, அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மி.கி., அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 1 மி.கி. கொண்ட கரைசலில் அரை மில்லிலிட்டர், தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப கிலோவுக்கு 0.01 மி.கி. நிலைமை தேறவில்லையெனில் ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் போடலாம். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்; மூச்சுத்திணறல் மிகுந்தால் சாய்ந்து உட்காரலாம்; எக்காரணம் கொண்டும் எழுப்பி நடக்கவைக்க வேண்டாம். ஆன்டிஹிஸ்டமின் அரிப்பைத் தணிக்கும். இறங்கும் இரத்த அழுத்தத்தையோ அடைபடும் மூச்சுக்குழாயையோ அது தொடாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும்.

தேறிய பிறகும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைப்பது அவசியம், ஏனெனில் அந்த மருந்தை மீண்டும் தராமலேயே எதிர்வினையின் இரண்டாம் அலை வரலாம். மாஸ்ட் அணுக்கள் வெளியிடும் டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவுக்கான இரத்தத்தை முதல் சில மணி நேரத்துக்குள் எடுத்து வைத்தால், 'இது உண்மையிலேயே அனாஃபிலாக்சிஸ்தானா' என்று பின்னால் எழும் விவாதத்துக்கு அது சான்றாகும்.

13. சின்ன வயதில் பென்சிலின் அலர்ஜி என்று சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க அப்படியேதானா?

இந்தக் கேள்விக்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும்: அன்று என்ன நடந்தது? அறுபதை நெருங்கும் ஒருவரின் கோப்பில், அட்டையின் மேல் மூலையில், சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று இரண்டே சொற்கள் இருந்தன. ஒவ்வொரு முறை கோப்பு மாறியபோதும் யாரோ அதை அப்படியே படியெடுத்திருந்தார்கள். என்ன ஆனது என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "அம்மா சொல்வார், மருந்து குடித்ததும் வாந்தி எடுத்தேனாம்." அது ஒவ்வாமையே இல்லை. அந்த இரண்டு சொற்களால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குப் பென்சிலின் குடும்பத்து மருந்துகள் எதுவும் கொடுக்கப்படவில்லை.

இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பென்சிலினைத் தாங்குகிறார்கள். உண்மையான உடனடி ஒவ்வாமை இருந்தவர்களிலும், பத்தாண்டுகள் மருந்தைத் தொடாமலிருந்தால் ஏறத்தாழ 80 சதவீதத்தினருக்கு அது மங்கிவிடுகிறது. குழந்தைப் பருவத் தடிப்புகள் பல, வைரஸ் காய்ச்சலால் வந்து மருந்தின் தலையில் விழுந்தவை. சுரப்பிக் காய்ச்சல் என்ற வைரஸ் தொற்று உள்ளவருக்குப் பென்சிலின் குடும்பத்து அமாக்சிசிலின் கொடுத்தால் வரும் தடிப்பும் அனேகமாக நிலையான ஒவ்வாமையாக இராது. தவறான முத்திரையின் விலை என்னவென்றால், அவர்களுக்குப் பரந்த வீச்சுள்ள வேறு மருந்துகள் போகின்றன. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளும் குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமி தரும் வயிற்றுப்போக்கும் அவர்களிடம் அதிகம். முத்திரையை நீக்குவது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அன்று. தோல் சோதனையோ கண்காணிப்பில் கொடுக்கும் சோதனை வேளையோ மருத்துவமனையில் நடக்க வேண்டும்.

14. இரண்டு வருடமாகச் சாப்பிடும் மாத்திரை. திடீரென்று இன்று எப்படி அது காரணமாகும்?

பல வழிகளில் ஆகலாம். இரத்த அழுத்தத்துக்கான, எனலாபிரில் போன்ற ஏசிஇ தடுப்பான்கள் உதட்டையும் நாக்கையும் வீங்கவைப்பது, தொடங்கிப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் நேரும். இது பிராடிகைனின் என்ற பொருள் உடலில் தேங்குவதால் வருவதால் ஆன்டிஹிஸ்டமினுக்கோ ஸ்டீராய்டுக்கோ சரியாக அடங்காது; மூச்சுப்பாதையைக் காப்பதுதான் முதல் வேலை, அதன்பின் அந்த மருந்துக் குடும்பம் அவருக்கு வாழ்நாள் முழுக்க விலக்கு. இதே மருந்துகள் தரும் வறட்டு இருமலுக்கு வேறு குடும்பத்துக்கு மாறினால் போதும்.

மருந்து மாறாமல் மனிதர் மாறியிருக்கலாம் என்பது இரண்டாவது வழி. வயிற்றுப்போக்கால் உடல் வற்றிய ஒருவருக்கு, ஆண்டுக்கணக்காக ஒத்துக்கொண்ட, மனநிலையைச் சீராக்கும் லித்தியமே நச்சளவை எட்டலாம். புதிதாக வந்த விருந்தாளி மருந்து மூன்றாவது வழி: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்கு ஒரு வாரம் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால், ஸ்டாட்டினைச் சிதைக்கும் நொதி முடங்கி, தசை நார்கள் சிதையும் அளவுக்குப் போகலாம். ஆகவே ஆறாம் கேள்வியில் சொன்ன கோட்டில் மருந்துகளோடு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறுநீரகப் பரிசோதனை முடிவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

15. கால் வீங்குகிறது என்றேன். அதற்கும் ஒரு மாத்திரை எழுதிவிட்டார்கள். இது நடப்பதுதானா?

நடக்கிறது, அடிக்கடி. இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறது, அதைப் புதிய நோயாக நினைத்துச் சிறுநீர் பெருக்கி சேர்கிறது, அதனால் பொட்டாசியம் குறைகிறது, அதற்கொரு மருந்து. இந்தச் சங்கிலியை மருந்து அடுக்கு என்று சொல்லலாம். குமட்டலுக்குக் கொடுத்த மெட்டோகுளோப்ரமைடால் கை நடுங்கி, அது பார்க்கின்ஸன் நோய் எனக் கருதப்பட்டு லெவோடோபா தொடங்கப்பட்ட நிகழ்வுகள் நன்கு பதிவாகியுள்ளன. முதியவரிடம் புதிதாக ஒரு அறிகுறி வந்தால், வேறொன்று நிறுவப்படும்வரை அதை மருந்தின் வேலை என்று சந்தேகிப்பது பயனுள்ள பழக்கம்.

16. அந்தத் தாளைப் படித்ததாலேயே எனக்கு வலி வந்திருக்குமா?

வலி உண்மையானது, காரணம் மாத்திரையாக இல்லாமல் இருக்கலாம். முன்பு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டினும், சில மாதம் போலி மாத்திரையும், சில மாதம் எதுவுமின்றியும் மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஸ்டாட்டின் மாதங்களில் கூடிய தொல்லையில் ஏறத்தாழ 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. எதிர்பார்ப்பே உடம்பில் விளைவாகும் இதை நோசீபோ என்கிறோம். இதைச் சொல்லி நோயாளியின் வாயை அடைப்பது மிகத் தவறான பயன்பாடு. தசை நொதியைப் பரிசோதித்து, உண்மையான சிதைவு இல்லையென்று பார்த்த பிறகே இந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

17. வேறு வழியே இல்லையென்றால் அதே மருந்தை மறுபடியும் கொடுத்துப் பார்க்கலாமா?

முன்னுரையில் சொன்ன கேள்விக்கு நேராக வந்துவிட்டோம். ஸ்டீவன்ஸ்-ஜான்ஸன், டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ், டிரெஸ், அபாகாவிர் மிகையுணர்வு ஆகியவற்றுக்குப் பின் எந்த அளவிலும் கூடாது. காசநோய் மருந்துகளால் கல்லீரல் பாதித்தவருக்கு, நொதிகள் இறங்கியபின் ஒவ்வொன்றாக, இரத்தப் பரிசோதனையுடன் திரும்பத் தொடங்குவது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. நோய் ஆபத்தானது, மாற்று மருந்துகள் வலுவற்றவை என்பதால் அந்தத் துணிவுக்கு நியாயம் உண்டு.

ஐஜிஇ ஒவ்வாமை உள்ளவருக்கே மருந்து தவிர்க்க முடியாததானால் உணர்ச்சி நீக்கம் என்ற முறை இருக்கிறது. சிஃபிலிஸ் கண்ட கருவுற்ற பெண்ணுக்குப் பென்சிலினுக்கு இணையான மாற்று இல்லை. அவருக்கு ஒவ்வாமை இருந்தால் மிக நுண்ணிய அளவில் தொடங்கி, சில மணி நேரத்தில் படிப்படியாக முழு அளவை எட்டுகிறார்கள். பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதன் ஆயுளைத்தான். மருந்து தொடரும்வரையே அந்தத் தாங்குதிறன். சில நாட்கள் இடைவெளி விட்டால் பழைய ஒவ்வாமை திரும்பிவிடும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

18. உறுதியாகத் தெரியாமல் கண்காணிப்பு மையத்துக்கு அறிக்கை அனுப்பினால் யார்மீதோ பழி போட்டதாகாதா?

ஆகாது. சந்தேகமே போதும். அடையாளம் காணத்தக்க ஒரு நோயாளி, அறிக்கை அனுப்புபவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நடந்த விளைவு ஆகிய நான்கும் இருந்தால் அறிக்கை செல்லும். பெயரின் முதலெழுத்தோ வயதோ நோயாளியை அடையாளம் காண்பதற்குப் போதும். புதிய மருந்து சந்தைக்கு வரும்போது பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடமே சோதிக்கப்பட்டிருக்கும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் விளைவை ஒருமுறையேனும் காண 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் ஏறத்தாழ 30,000 பேர் தேவை. அந்த இடைவெளியை நிரப்புவது இத்தகைய தனித்தனி அறிக்கைகளே.

மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்த, கருவுற்ற பெண்களும் எடுத்துக்கொண்ட தூக்க மருந்தான தாலிடோமைடு, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. கை கால் குறைந்து பிறந்த குழந்தைகளைப் பற்றி ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் எழுதிய சிறு கடிதம் அதே ஆண்டு டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது. மிகச் சுருக்கமான அதில் அவர் கேட்டது, வேறு யாராவது இதைப் பார்த்தீர்களா என்பதையே. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 1968இல் தொடங்கியது அந்தப் பேரழிவின் பின்னணியில்தான்.

19. கோப்பில் எப்படி எழுதினால் அடுத்து வருபவருக்குப் பயன்படும்?

மருந்தின் பொதுப்பெயர், அளவு, கொடுத்த வழி, எத்தனையாவது வேளை அல்லது நாள், என்ன நடந்தது, என்ன சிகிச்சை தேவைப்பட்டது, அதன்பின் அந்த மருந்தோ அதன் உறவு மருந்தோ கொடுக்கப்பட்டதா என்பவை வேண்டும். வகையின் எழுத்தைவிட இந்த விவரங்களே முக்கியம். விவரம் இருந்தால் வகையை யாரும் பிறகு கணித்துக்கொள்ளலாம், எழுத்து மட்டும் இருந்தால் விவரத்தை மீட்க முடியாது. வணிகப்பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒரே மருந்து வேறு பெயரில் மறுபடி வந்து சேரும்.

பதின்மூன்றாம் கேள்வியில் சொன்னவருக்கு மருத்துவமனையில் கண்காணிப்பில் அமாக்சிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள், எதுவும் நேரவில்லை. அட்டையின் மூலையிலிருந்த அந்த இரண்டு சொற்களின்மேல் கோடிட்டு, அருகே தேதியும் கையெழுத்துமாக இப்படி எழுதப்பட்டது: "குழந்தைப் பருவத்தில் பென்சிலின் மருந்துக்குப்பின் வாந்தி (தாய் சொல்லக் கேட்டது), தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் இருந்ததாகத் தகவல் இல்லை. அமாக்சிசிலின் 500 மி.கி. வாய்வழி இன்று கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது, எதிர்வினை இல்லை. பென்சிலின் குடும்பத்து மருந்துகளைக் கொடுக்கலாம்."